ரட்டாட்டூய் ஏன் கூட்டு மாதிரி ஆயிடுது?

அடுத்த கேள்வியைப் பார்ப்போம். "பிரான்ஸ்ல நீஸ் நகரத்துக்குப் போனப்போ கத்தரிக்காய், சுக்கினி, தக்காளியெல்லாம் போட்டுச் செய்யற ரட்டாட்டூய்ங்கற காய்கறிப் பதார்த்தம் சாப்பிட்டோம். ஊருக்கு வந்து அதே காய்களை வாங்கிச் செஞ்சா, தண்ணி விட்டுக் காய்க்கூட்டு மாதிரி வருது. எல்லாக் காயும் ஒரே ருசியா இருக்கு. எங்க தப்பு?"ன்னு ஒரு நேயர் கேட்டிருக்காங்க.

காயெல்லாத்தையும் ஒரே சட்டியில போட்டு மூடி வெச்சிருப்பீங்க. தப்பு அங்கதான். கத்தரிக்காய், சுக்கினி (வெள்ளரிக்காய் மாதிரி நீளமா இருக்கற பூசணி வகைக் காய்), தக்காளி மூணுலயும் 90 சதவீதத்துக்கு மேல தண்ணிதான். ஒண்ணாப் போட்டா அந்தத் தண்ணி இறங்கி, காய் வதங்கறதுக்குப் பதிலா அதுலயே வெந்துடும். நீஸ்ல முறையா செய்யறவங்க ஒவ்வொரு காயையும் ஆலிவ் எண்ணெய்ல தனித்தனியா வதக்கி, கடைசியிலதான் ஒண்ணு சேர்ப்பாங்க. ரட்டாட்டூய்ங்கற பேர்ல ஒட்டியிருக்கற 'தூயே'ன்னா பிரெஞ்சுல கிளறுறது. அந்தப் பேரை நம்பிக் கிளறிக்கிட்டே இருந்தா காய் உடைஞ்சு குழைஞ்சிடும்.

4 பேருக்கு அளவு சொல்றேன். கத்தரிக்காய் 400 கிராம், சுக்கினி 400 கிராம், குடைமிளகாய் 2, பெரிய வெங்காயம் 2, தக்காளி 600 கிராம், பூண்டு 4 பல், ஆலிவ் எண்ணெய் சுமார் 100 மில்லி. கத்தரி, சுக்கினி, குடைமிளகாய் மூணும் ஓர் அங்குலத் துண்டா இருக்கட்டும். சின்னதா வெட்டினா கரைஞ்சு போயிடும்.

கத்தரிக்காய்ல பெரிய ஊதா நிறக் குண்டுக் கத்தரி, விதை கம்மியா இருக்கறதா பாருங்க. வெட்டி, ஒரு டீஸ்பூன் உப்பு போட்டுப் பிசிறி 30 நிமிஷம் வடிகட்டியில வையுங்க. கீழ தண்ணி சொட்டும். அப்புறம் துணியால நல்லா ஒத்தி எடுங்க. கத்தரிக்காயோட சதை பஞ்சு மாதிரி, உள்ள முழுக்கக் காத்து. எண்ணெயில போட்ட உடனே அத்தனையையும் குடிச்சிட்டு, சட்டி காஞ்சு நிக்கும். உடனே பயந்து மேல மேல ஊத்தக் கூடாது. மிதமான தீயில ஏழெட்டு நிமிஷம் விட்டீங்கன்னா சதை அமுங்கி, குடிச்சதுல கொஞ்சத்தைத் திரும்பக் கக்கும். ஓரம் பொன்னிறமா, சட்டியில லேசா எண்ணெய் மினுமினுப்பு தெரியும். அப்ப எடுத்துடுங்க.

சுக்கினி சின்னதா, கெட்டியா இருக்கணும். நல்ல தீயில 5 நிமிஷம், உள்ள லேசா உறுதி இருக்கும்போதே இறக்கிடணும். அகலமான சட்டியில துண்டுகள் ஒண்ணு மேல ஒண்ணு ஏறாம ஒரே அடுக்கா கிடக்கணும். நிறையக் கொட்டினா சட்டியோட சூடு இறங்கி, வதக்கலே நடக்காது. சுக்கினி கிடைக்கலைன்னு சுரைக்காய், பீர்க்கங்காய் போடலாமான்னு கேப்பீங்க. வேண்டாம்னுதான் சொல்லுவேன், ரெண்டும் இன்னும் அதிகமாத் தண்ணி விடும்.

குடைமிளகாயை முழுசா அடுப்புத் தீயில தோல் கருகச் சுட்டு, 10 நிமிஷம் மூடி வெச்சு, தோலை உரிச்சிட்டு வெட்டுங்க. தோலோட போட்டா அது பிரிஞ்சு, சுருண்டு வாயில தட்டுப்படும்.

தக்காளி, புளிப்பு கம்மியா சதைப்பத்தா இருக்கற பெங்களூர் தக்காளி நல்லது. கொதி தண்ணியில 30 விநாடி போட்டுத் தோலை உரிச்சு, விதையை எடுத்துடுங்க. வெங்காயம் நிறம் மாறாம 10 நிமிஷம் வதங்கினதும் பூண்டு, அப்புறம் தக்காளி. எண்ணெய் பிரியற வரைக்கும் 20 நிமிஷமாவது மூடாம வேகட்டும். இதுல அவசரப்பட்டா மத்த உழைப்பெல்லாம் வீண்.

வாசனை இலைகள்லதான் நம்ம ஊர்ல பெரிய குழப்பம். பிரியாணிக்குப் போடற பிரிஞ்சி இலை வேற, அங்க போடற பே இலை வேற. நம்மளோட இலையில நீளவாக்குல மூணு நரம்பு ஓடும், பட்டை வாசனை அடிக்கும். அவங்களோடதுல நடுவுல ஒரே நரம்பு. அது இல்லைன்னா விட்டுடுங்க, மாத்திப் போடாதீங்க. காஞ்ச தைம் அரை டீஸ்பூன் போதும். பேசிலுக்குத் துளசி சரிப்படாது. நம்ம திருநீற்றுப்பச்சிலை அதே இனத்துச் செடிதான், வாசனையில மட்டும் கொஞ்சம் வித்தியாசம் இருக்கும். அடுப்பை அணைச்ச பிறகு 8, 10 இலையைக் கையால கிள்ளிப் போடுங்க.

இப்ப சேர்க்கறது. தக்காளிக் கலவையில பே இலை, தைம், வதக்கின காய் எல்லாம் போட்டு, ரெண்டு தடவை மட்டும் புரட்டி, சின்னத் தீயில 10 நிமிஷம், மூடாம. கத்தரியில ஏற்கெனவே உப்பு இருக்கு, ருசி பார்த்துட்டுப் போடுங்க. அப்பவும் தண்ணியா தெரிஞ்சா மொத்தத்தையும் வடிகட்டியில கொட்டி, இறங்கின சாறை மட்டும் சுண்டக் காய்ச்சி மேல ஊத்திடுங்க. காயும் உடையாது, ருசியும் இறங்காது.

வட்ட வட்டமா சீவி அடுக்கின படம் பார்த்தேன், அதுவா இதுவான்னும் கேட்டிருக்கீங்க. அடுக்கி ஓவன்ல சுடறதை தெற்கு பிரான்ஸ்ல ப்ரொவான்ஸ் பக்கம் தியான்னு சொல்லுவாங்க, அது சுடற மண் பாத்திரத்தோட பேரு. அதுவும் நல்ல உணவுதான், ஆனா நீங்க நீஸ்ல சாப்பிட்டது துண்டு துண்டா இருந்திருந்தா செய்ய வேண்டியது இந்த முறை.

கொதிக்கக் கொதிக்கப் பரிமாறாதீங்க. ஆறினப்புறம், இல்லை ஃப்ரிட்ஜ்ல வெச்சு மறுநாள் எடுத்தா ருசி இன்னும் கூடும். சாப்பிடறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி வெளிய எடுத்து வெச்சு, மேல ஒரு ஸ்பூன் காய்ச்சாத ஆலிவ் எண்ணெய் விட்டு, ரொட்டியோட சாப்பிடுங்க.