கொளுத்தியது ஊரா, கோர்ட்டா?

நடுவர் அய்யாவுக்கும், எதிரணித் தலைவி அம்மாவுக்கும், காபி வந்துடுச்சான்னு பின்னால திரும்பித் திரும்பிப் பார்க்கிற அன்பர்களுக்கும் வணக்கம்.

ஐரோப்பாவுல சூனியக்காரின்னு பட்டம் கட்டி 40,000-லேர்ந்து 60,000 பேரைக் கொன்னிருக்காங்க. முக்கால்வாசிப் பேர் பெண்கள். இந்தப் பழி யாரைச் சேரும்? ஜனங்களோட மூடநம்பிக்கையையா, நீதிமன்றத்தையா? அம்மா மூடநம்பிக்கைதான்னு அடிச்சுப் பேசினாங்க. மாடு கறக்கலையா, கோடி வீட்டுக் கிழவிதான். ஆலங்கட்டி மழையா, அதே கிழவிதான்.

ஒத்துக்கறேன். 1626 மே மாசம் ஜெர்மனியில பிராங்கோனியாப் பக்கம் உறைபனி விழுந்து திராட்சைக் கொடியெல்லாம் கருகிப்போச்சு. பிடிங்க அவளுகளைன்னு கத்தினது ஜனங்கதான். ஆனா செய்வினையை நம்பாத ஊர் அன்னைக்கு எங்கேம்மா இருந்தது? எல்லா ஊரும் நம்புச்சு. எல்லா ஊரும் எரிக்கலையே!

அந்த பிராங்கோனியாவுல பாம்பெர்க்னு ஒரு ஊர். ஆட்சியும் பிஷப் கையில, கோர்ட்டும் பிஷப் கையில. 1627-ல சூனிய வழக்குக்குன்னே தனியா ஒரு ஜெயில் கட்டினாங்க. செத்தவங்க சொத்து பறிமுதல். (சொத்து எங்கே போச்சுன்னு நான் சொல்லணுமா?)

1628-ல யோஹன்னஸ் யூனியுஸ்னு ஒருத்தர் மாட்டினார். கோடி வீட்டுக் கிழவி இல்லை, மேயர்! ஜெயில்லேர்ந்து மக வெரோனிகாவுக்கு ஒரு கடுதாசி எழுதினார். விரல்ல திருகுக்கட்டை மாட்டி முறுக்கினதுல நகக்கண்ணெல்லாம் ரத்தம், நாலு வாரமா கை விளங்கலை, என் எழுத்தைப் பார்த்தாலே உனக்குத் தெரியும்கிறார். கையைப் பின்னால கட்டி, கயித்துல மேல இழுத்து, தொப்புன்னு விட்டிருக்காங்க. எட்டுத் தடவை. கடைசியில சித்திரவதை பண்ணின ஆளே கெஞ்சறான்: "அய்யா, பொய்யாவது சொல்லிடுங்க. இதைத் தாங்கினாலும் விடமாட்டாங்க, அடுத்தது வரும்."

சொன்னார். விட்டாங்களா? சூனியக் கூட்டத்துல கூட யார் யாரு இருந்தான்னு கேட்டாங்க. யாரையும் அடையாளம் தெரியலைன்னார். சரி, கடைத்தெருவுல ஆரம்பி, ஒரு தெரு வழியாப் போ, அடுத்த தெரு வழியாத் திரும்பி வா, பேரைச் சொல்லுன்னாங்க. ஒரு நீளமான தெருவுக்கு மட்டும் எட்டுப் பேர் சொல்ல வேண்டியிருந்ததாம். ஜனத்தொகைக் கணக்கெடுப்பு மாதிரி இருக்கு! அவர் மேல சாட்சி சொன்ன ஆறு பேரும், அடி தாங்காமதான் சொன்னோம், மன்னிச்சுடுங்கன்னு கேட்டுட்டுத்தான் செத்தாங்களாம். அதையும் கடுதாசி ஓரத்துல எழுதி வச்சிருக்கார். ஆகஸ்ட்ல அவரையும் கொன்னாங்க.

இதுல எந்த இடத்துலம்மா மாடு கறக்கலை?

இப்ப ஸ்பெயின். இன்குவிசிஷன்னாலே, அதாவது கத்தோலிக்க மத விசாரணைக் கோர்ட்டுன்னாலே, நமக்கெல்லாம் குலை நடுங்கும். 1610-ல லொக்ரோன்யோவுல அவங்களும் ஆறு பேரை உயிரோட எரிச்சவங்கதான். ஆனா மறுவருஷம் அலோன்ஸோ டி ஸலஸார்னு ஒரு விசாரணை அதிகாரியை ஊர் ஊரா அனுப்பினாங்க. 1,802 பேர் வாக்குமூலம் கொடுத்தாங்க. முக்கால்வாசி குழந்தைங்க! மனுஷன் சும்மா எழுதிக்கிட்டு வரலை, நோண்டினார். மந்திரக் களிம்புன்னு கொண்டாந்து கொடுத்த ஜாடிங்களைச் சோதிச்சா, எல்லாம் போலி. இதைப் பத்திப் பேசி எழுத ஆரம்பிக்கிற வரைக்கும் இங்கே சூனியக்காரியும் இல்லை, சூனியம் வைக்கப்பட்டவனும் இல்லைன்னு அறிக்கை கொடுத்தார். 1614-ல ஆதாரத்துக்கான விதியை இறுக்கினாங்க. அப்புறம் அந்த இன்குவிசிஷன் சூனியத்துக்காகக் கிட்டத்தட்ட யாரையுமே எரிக்கலை.

மணி அடிச்சுட்டீங்க, முடிச்சுக்கறேன். ஜெர்மனியிலேயே, விஞ்ஞானி கெப்ளரோட அம்மா கதரீனாவைப் அதே ஊர்க்காரி ஒருத்தி சூனியக்காரின்னா. பதினாலு மாசம் ஜெயில். பையன் வரிக்கு வரி பதில் எழுதி வாதாடினார். சித்திரவதைக் கருவியைக் கண்ணுல காட்டி மிரட்டுங்க, மாட்டாதீங்கன்னு உத்தரவு. எழுபது தாண்டின அந்த அம்மா மசியலை. 1621-ல விடுதலை. பாம்பெர்க்ல மாட்டியிருந்தா?

எதிரணி அம்மா அதுக்குப் பதில் சொல்லட்டும், நான் உட்கார்ந்து கேக்கறேன்.