கழிவுக்குக் கணக்கு இருக்கிறதா?

நடுவர் அவர்களே, வணக்கம். "அணுமின்சாரம் தூய ஆற்றலா, இல்லையா?" இதுதான் இன்றைய வழக்கு. தூய ஆற்றலே என்று வாதாட வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணி நண்பர், "புகை வராது, சரி. கழிவை எங்கே வைப்பீர்கள்?" என்று கேட்டுக் கைதட்டலை அள்ளிக்கொண்டு போய்விட்டார். நல்ல கேள்விதான். ஆனால் நிலக்கரி நிலையத்து வாசலில் நின்று இதை யாரும் கேட்பதில்லையே, ஏன்? அங்கே பெரும்பாலான கழிவு புகைபோக்கி வழியாகப் போய்விடுகிறது. வைக்க இடம் தேடும் தொல்லையே இல்லை!

எங்கள் கழிவைக் காட்டுகிறேன், பாருங்கள். யுரேனியம் டைஆக்சைடைச் சுட்டுச் செய்த எரிபொருள் வில்லை அது; எரிந்தபின் அதுவே கழிவு. விரல் நுனி அளவு, எடை ஆறேழு கிராம். பீங்கான் மாதிரி கெட்டியாக இருக்கும். இப்படி முந்நூறுக்கு மேற்பட்ட வில்லைகளைச் சுமார் நான்கு மீட்டர் நீள ஜிர்கோனியக் குழாயில் அடுக்கி, ஹீலியம் நிரப்பி, இரண்டு முனையையும் வெல்டிங் செய்து மூடுகிறார்கள். பரவலாகப் புழங்கும் ஒரு வடிவத்தில் 264 குழாய் சேர்ந்தது ஒரு கட்டு. 1,000 மெகாவாட் உலையிலிருந்து ஆண்டுக்கு வெளியே வரும் எரிந்த எரிபொருள் 20, 25 டன். அதே மின்சாரத்துக்குச் சுமார் 30 லட்சம் டன் நிலக்கரி எரிய வேண்டும். ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசி 2014-இல் வெளியிட்ட கணக்கு, சுரங்கத்திலிருந்து உலையைக் கலைப்பது வரை எல்லாவற்றையும் சேர்த்தது. அதன்படி ஒரு யூனிட்டுக்கு அணு 12 கிராம் கார்பன் டைஆக்சைடுக்கு நிகரான வாயு, நிலக்கரி 820 கிராம்.

எரிந்த கட்டு வெளிக்காற்றையே பார்ப்பதில்லை. நீருக்கடியிலேயே நகர்த்திக் குளத்தில் இறக்குகிறார்கள். தலைக்குமேல் ஏழு மீட்டர் தண்ணீர். கதிர்வீச்சைத் தடுப்பதும் அதுதான், சூட்டை வாங்குவதும் அதுதான். சில ஆண்டுகள் ஆறிய பிறகு உலர் கொள்கலனுக்கு மாறும். உள்ளே எஃகு உருளை, வெளியே கனத்த கான்கிரீட். மோட்டார் கிடையாது, விசிறி கிடையாது. கீழ்த்துளையில் நுழையும் காற்று சூடேறி மேல்துளை வழியே தானாகப் போய்விடும். ஒவ்வொரு கட்டுக்கும் ஓர் எண் உண்டு. நிலக்கரிச் சாம்பலுக்கு யாராவது எண் போட்டதுண்டா, நடுவரே?

"ஃபுகுஷிமா?" என்று எதிரணியில் முணுமுணுப்பு கேட்கிறது. 2011 மார்ச் 11 ஜப்பான் நிலநடுக்கத்தில் அந்த அணுமின் நிலையத்தில் ஓடிக்கொண்டிருந்த உலைகள் தாமாகவே நின்றன. சிக்கல் அதற்குப் பிறகுதான். உலை நின்றாலும் சூடு நிற்காது. நிறுத்திய நொடியில் முழு வெப்பத்தில் ஆறேழு விழுக்காடு; ஒரு நாள் கழிந்தும் அரை விழுக்காடு. 3,000 மெகாவாட் வெப்பம் தரும் உலைக்கு அந்த அரையே 15 மெகாவாட்! தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். ஆழிப்பேரலையோ கீழ்த்தளத்து டீசல் ஜெனரேட்டர்களை மூழ்கடித்துவிட்டது. தண்ணீர் கொதித்து வற்ற, 1,200 டிகிரி வாக்கில் ஜிர்கோனியம் நீராவியோடு வினைபுரிந்து ஹைட்ரஜனைக் கக்கியது. வெடித்தது அந்த ஹைட்ரஜன், அணுகுண்டு அல்ல. அதே நிலநடுக்கத்தின் மையத்துக்கு இன்னும் பக்கத்தில் இருந்தது ஓனகாவா நிலையம். மேட்டில் கட்டியதால் தப்பியது. வீடிழந்த ஊர்க்காரர்கள் தஞ்சம் புகுந்ததே அந்த நிலைய வளாகத்தில்தான்.

எங்கள் பக்கத்து ஓட்டையையும் நானே சொல்லிவிடுகிறேன். தாதுவை அரைத்து யுரேனியத்தைப் பிரித்தபின் மிஞ்சும் மண்ணில் ரேடியம் தங்கும். அதிலிருந்து ரேடான் என்ற கதிரியக்க வாயு கசியும். களிமண்ணும் பாறையும் போட்டு மூடாமல் விட்ட இடங்களில் நிலத்தடி நீர் கெட்டிருக்கிறது. அணுவைத் தூய்மை என்று மேடைபோட்டுப் பேசுகிறவர்களில் பலர் இதை விழுங்கிவிடுகிறார்கள், அது தப்பு. தாமதமும் செலவும்கூட உண்மைதான்: பின்லாந்தின் ஒல்கிலுவோட்டோ மூன்றாம் உலையை 2009-இல் முடிப்போம் என்றார்கள், 2023-இல்தான் முழு உற்பத்திக்கு வந்தது. ஆனால் அது பணத்தைப் பற்றிய வழக்கு, இன்றைய தலைப்பு அதுவல்ல.

"கழிவை வைக்கும் இடம் ஆயிரக்கணக்கான ஆண்டு தாங்குமா?" என்றும் எதிரணி நண்பர் கேட்டார். எரிந்த எரிபொருளைப் புதைக்கப் பின்லாந்தில் 400 மீட்டருக்கும் கீழே பாறையைக் குடைந்திருக்கிறார்கள். செம்புப் பெட்டி, அதைச் சுற்றிலும் நீர் பட்டால் உப்பி இறுகும் பெண்டோனைட் களிமண். ஆப்பிரிக்காவின் காபோன் நாட்டு ஓக்லோவில் இந்தப் பெட்டிகூட இல்லை. ஏறத்தாழ 200 கோடி ஆண்டுகளுக்கு முன் மண்ணுக்குள் தானாகவே அணுப்பிளவு நடந்திருக்கிறது, 1972-இல்தான் கண்டுபிடித்தார்கள். அங்கே உண்டான புளூட்டோனியம் பிறந்த இடத்தைவிட்டுச் சில மீட்டருக்கு மேல் நகரவில்லை.

அடுத்து வரும் எதிரணி நண்பர், போன ஆண்டு நிலக்கரிப் புகைபோக்கிகளில் வெளியேறிய கார்பன் இப்போது எங்கே இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டு உரையைத் தொடங்கட்டும். வணக்கம்.