எட்டு மணிய பொண்ணுங்களுக்கும் குடுங்க

நடுவர் அவர்களே, எல்லாருக்கும் வணக்கம். சின்ன காலேஜ்ல காசு கம்மியா இருந்தா பாஸ்கெட்பால்ல முதல் கவனிப்பு ஆண்கள் டீமுக்கா, இல்ல ரெண்டு டீமுக்கும் சமமாவா, இதான் தலைப்பு. நான் சமம்னு சொல்ற அணி. எதிரணி அண்ணன் சொன்னாரு, கூட்டம் பசங்க மேட்சுக்குத்தானே வருது, அங்கதானே காச போடணும்னு.

அண்ணே, அந்த கூட்டம் எப்படி வருதுன்னு நான் பாத்துட்டு இருக்கேன். என் பொண்ணு அமெரிக்காவுல ஒரு சின்ன டிவிஷன் 3 காலேஜ்ல, அதாவது அங்க காலேஜ் விளையாட்டுல மூணாவது பிரிவுல, விளையாடுறா. ஒரே நாள்ல ரெண்டு மேட்ச், பொண்ணுங்களுக்கு ஆறு மணி, பசங்களுக்கு எட்டு மணி. வார நாள்ல ஆறு மணிக்கு யாருங்க வருவா, புள்ளைங்க லேப்ல இருக்கும், அப்பா அம்மா ஆபீஸ்ல இருந்து கிளம்பியே இருக்க மாட்டாங்க. நாலாவது குவார்ட்டர்லதான் பெஞ்சு நிறையும், அதுவும் அடுத்த மேட்சுக்கு இடம் பிடிக்க. போன வாரம் ஸ்கோர் சமம், ரெண்டு நிமிஷம்தான் பாக்கி, இவ ஃப்ரீ த்ரோ போட நிக்கிறா, முன்னாடி வரிசைல உக்காந்திருந்தவங்க எல்லாரும் கதவு பக்கமே பாத்துட்டு இருக்காங்க, பசங்க டீம் வருதான்னு. எனக்கு வயிறு எரிஞ்சுது.

காசுன்னு சொன்னீங்க. டிவிஷன் 3-ல விளையாட்டுக்குன்னு ஸ்காலர்ஷிப்பே கிடையாது, பசங்களுக்கும் இல்ல பொண்ணுங்களுக்கும் இல்ல. விளையாடுற ஆசைல புள்ளைங்க வந்து சேருது, நாம ஃபீஸ் கட்டுறோம். பொண்ணுன்னு எனக்கு ஃபீஸ்ல யாரும் குறைச்சுக்கல.

சின்ன காலேஜால பொண்ணுங்க டீம வெச்சு என்ன சாதிக்க முடியும்னும் கேட்டாரு. பென்சில்வேனியாவுல இமாக்குலாட்டா, அப்போ கன்னியாஸ்திரிகள் நடத்துன சின்ன பெண்கள் காலேஜ். ஜிம் 1967-ல எரிஞ்சு போச்சு. கோச் கேத்தி ரஷ் சேர்ந்தப்போ சம்பளம் வருஷத்துக்கு 450 டாலர். 1972-ல தேசிய போட்டிக்கு போக காசில்லாம டூத்பிரஷ் வித்தாங்க, அப்பவும் எட்டு பேருக்குத்தான் டிக்கெட். முந்தின வாரம் வெஸ்ட் செஸ்டர் டீம் இவங்கள 32 பாயிண்ட் வித்தியாசத்துல அடிச்சிருந்துச்சு, ஃபைனல்ல அதே டீம் எதிர்ல வந்து நிக்குது, 52-48னு ஜெயிச்சாங்க பாருங்க! 73, 74-லயும் கப்பு அவங்களுக்குத்தான். அரசு காசு வாங்குற காலேஜ் ஆண் பெண் பேதம் பாக்கக்கூடாதுன்னு சொல்ற டைட்டில் 9 சட்டமே அந்த முதல் கப்புக்கு மூணு மாசம் கழிச்சுத்தான் கையெழுத்தாச்சு. கூட்டம் கேட்டீங்களே, 1975-ல நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டன்ல இவங்களும் குயின்ஸ் காலேஜும் ஆடுனத பாக்க கிட்டத்தட்ட 12,000 பேர். சிஸ்டர்ஸ் எல்லாம் பக்கெட்ட தட்டி தட்டி உற்சாகப்படுத்துவாங்களாம், அத படிக்கும்போதே எனக்கு கண்ணு கலங்கிடும், ஏன்னா என் பொண்ணுக்கு தட்ட ஆறு மணிக்கு நாங்க பதினஞ்சு பேருதான் இருக்கோம்.

நடுவர் அவர்களே, புது ஜிம் கேக்கல நான். ஒரு வாரம் எட்டு மணிய பொண்ணுங்களுக்கு குடுங்க, மறுவாரம் பசங்களுக்கு. ஆறு மணிக்கு பசங்கள பாக்க எத்தனை பேர் வர்றாங்கன்னு ஒரு சீசன் பூரா எண்ணுங்க, அப்புறம் எதிரணி அண்ணன் இதே மைக்க பிடிச்சு கூட்டத்த பத்தி பேசட்டும்.