சுவர் இருந்தால்தானே சித்திரம்

(பாளையங்கோட்டையில் நடந்த இலக்கிய வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

இந்தக் கூட்டத்திற்குத் தலைமையேற்று வீற்றிருக்கும் எங்கள் இலக்கிய வட்டத் தலைவர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயா அவர்களே. மக்கள் பணிகளுக்கிடையே நேரம் ஒதுக்கி வந்திருக்கும் மாமன்ற உறுப்பினர் சகோதரி அவர்களே. பள்ளிச் சுவர்களில் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு ஓவியம் தீட்டிவரும் ஓவிய ஆசிரியர் தம்பி அவர்களே. வாடகை வாங்காமல் இந்த அரங்கைத் தந்த மண்டப உரிமையாளர் அண்ணாச்சி அவர்களே. முன்வரிசையில் அமர்ந்திருக்கும் திருநங்கைச் சகோதரிகளே, திருநம்பித் தம்பிகளே. தம்மைப் பற்றி இன்னும் வீட்டில்கூடச் சொல்ல முடியாமல் பின்வரிசையில் வந்து அமர்ந்திருக்கக்கூடிய அன்பர்களே. உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

தலைவர் ஐயாவைப் பற்றி இரண்டு சொற்கள் சொல்லாமல் தொடங்கினால் நான் நன்றி மறந்தவனாவேன். "வீதி ஓவியமும் பால்புதுமையினரும்" என்ற தலைப்பை நான் சொன்னபோது, இதற்கு யார் வருவார்கள் என்று அவர் கேட்கவில்லை. எத்தனை நாற்காலி போட வேண்டும் என்றுதான் கேட்டார். பால்புதுமையினர் என்பது திருநங்கையர், திருநம்பியர், தன்பாலீர்ப்புள்ளவர் முதலியோரைச் சேர்த்துக் குறிக்கும் சொல். மாமன்ற உறுப்பினர் சகோதரிக்கும் நான் கடமைப்பட்டவன். எங்கள் தெருவில் விளக்கு எரியவில்லை என்று சொன்ன மறுநாளே ஆள் அனுப்பியவர் அவர். இன்று அவரிடம் இன்னொரு கோரிக்கையும் வைக்கவிருக்கிறேன்.

மூன்று செய்திகளைச் சொல்ல நினைத்து வந்திருக்கிறேன். உலகத்து நகரங்கள் தம் வீதிகளில் வானவில் வண்ணம் தீட்டியது எப்படி என்பது ஒன்று. நம் நெல்லைச் சீமையின் சுவருக்கும் வாசலுக்கும் இதில் உள்ள உறவு இரண்டாவது. எந்தச் சுவரில், எந்த வண்ணத்தில், யாரைக் கொண்டு எழுதுவது என்பது மூன்றாவது. என் தாயார் அடிக்கடி சொல்லும் பழமொழி ஒன்று உண்டு: "சுவர் இருந்தால்தானே சித்திரம்." உடம்பைப் பேணச் சொல்லும்போது அவர் அதைச் சொல்வார். நான் இன்று அதை வேறு பொருளில் சொல்லப்போகிறேன்.

பால்புதுமையினரின் அடையாளமான வானவில் கொடி 1978ஆம் ஆண்டு சான் பிரான்சிஸ்கோவில் கில்பர்ட் பேக்கர் என்ற கலைஞரின் முயற்சியில் பிறந்தது. முதலில் எட்டு வண்ணங்கள் இருந்தன. பின்னர் அவை ஆறாகக் குறைந்தன. துணியில் இருந்த அந்த வண்ணங்கள் காலப்போக்கில் தார்ச்சாலைக்கு இறங்கின. 2013ஆம் ஆண்டு சிட்னி நகரத்தின் ஆக்ஸ்ஃபோர்டு வீதியில், மக்கள் சாலையைக் கடக்கும் இடத்தில், வானவில் பட்டைகள் தீட்டப்பட்டன. சில வாரங்களிலேயே, பாதுகாப்புக்கு இடையூறு என்று காரணம் சொல்லி, மாநில அரசு அவற்றை ஓர் இரவில் அகற்றிவிட்டது. விடிந்ததும் மக்கள் சண்டைக்குப் போகவில்லை. கையில் வண்ணச் சாக்கட்டியை எடுத்துக்கொண்டு அவரவர் தெருவிலும் வாசலிலும் வானவில் வரையத் தொடங்கினார்கள். அது கடல் கடந்து வேறு நாடுகளுக்கும் பரவியது. 2019ஆம் ஆண்டு அதே பகுதியில் நிலையான வானவில் கடவை திரும்பி வந்தது. அமெரிக்காவின் ஆர்லாண்டோ நகரத்தில், 2016ஆம் ஆண்டு ஒரு கேளிக்கை விடுதியில் 49 பேர் சுட்டுக் கொல்லப்பட்ட இடத்தருகே, அவர்கள் நினைவாகத் தீட்டியிருந்த கடவையையும் 2025 ஆகஸ்டில் மாநிலப் போக்குவரத்துத் துறை இரவோடு இரவாக அழித்தது. அங்கேயும் மக்கள் சாக்கட்டியோடுதான் வந்தார்கள். வியன்னாவில் 2015இல் போக்குவரத்து விளக்கிலேயே இரு பெண்களும் இரு ஆண்களும் கைகோத்து நிற்கும் உருவங்களை வைத்தார்கள். பெங்களூரில் 2016இல் தொடங்கிய அரவானி கலைத்திட்டத்தில் திருநங்கையரும் பிற பெண்களும் சேர்ந்து நின்று பெரிய பெரிய சுவர்களில் எழுதிவருகிறார்கள்.

இதெல்லாம் நமக்கு அந்நியம் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். சுவரில் எழுதுவது நமக்குப் புதிதன்று. நம் திருப்புடைமருதூர்க் கோயில் கோபுரத்தின் ஐந்து நிலைகளிலும் நாயக்கர் காலத்து ஓவியங்கள் இன்றும் இருக்கின்றன. ஆண்மை திரிந்தவரைக் குறிக்கும் பெயர்களைத் தொல்காப்பியம் உயர்திணையில்தான் வைத்தது. சுடலைமாடன் கோயில் கொடையில் கணியான் கூத்து நடக்கும்போது, பெண் வேடமிட்டு ஆடும் ஆண்களை, மகுடம் என்னும் தோற்கருவியின் ஓசையோடு விடிய விடிய நாம் பார்க்கிறோம். வேடம் வேறு, வாழ்க்கை வேறு என்பதை நான் அறிவேன். ஆனால் ஓர் இரவு ஆடுகிறவருக்குப் பந்தியில் இலை போடும் ஊர், வாழ்நாள் முழுவதும் பெண்ணாகவே வாழ்கிறவருக்கு ஏன் வாசல் கதவைச் சாத்துகிறது என்று நான் பல நாள் யோசித்திருக்கிறேன்.

ஏன் யோசித்தேன் என்பதையும் சொல்லியாக வேண்டும். மூன்று ஆண்டுகளுக்கு முன், ஐப்பசி அடைமழையில், எங்கள் வீட்டுக்குத் துணி தைத்துக் கொடுக்கும் திருநங்கை ஒருவருக்கு வாடகை வீடு தேடி அலைந்தேன். அவர் பெயரை மேடையில் சொல்ல அவர் விரும்பவில்லை. கையில் தொழில் இருந்தது. முன்பணமும் சேர்த்து வைத்திருந்தார். பெருமாள்புரத்தில் தொடங்கினோம். முதல் வீட்டுக்காரர் என்னைத் தெரிந்தவர்; "வாங்க சார்வாள்" என்று உள்ளே அழைத்துக் காப்பி கொடுத்தார். வெளியே குடையைப் பிடித்துக்கொண்டு நின்றவரை எட்டிப் பார்த்ததும், "மச்சினன் மகனுக்குச் சொல்லி வச்சிருக்கோம், மறந்தே போச்சு" என்றார். அடுத்த வாரமும் அந்த வீட்டுக் கம்பிக் கதவில் "வீடு வாடகைக்கு" என்ற அட்டை மழையில் நனைந்துகொண்டு தொங்கியதை நான் பார்த்தேன். வண்ணார்பேட்டையில் ஒருவர் இரண்டு மடங்கு வாடகை கேட்டார். மகாராஜநகரில் ஒரு அம்மா, "எனக்கு ஒன்னுமில்ல சார், பக்கத்து வீட்டுல ஏதாச்சும் சொல்லுவாங்க" என்றார். பக்கத்து வீட்டிலும் போய்க் கேட்டேன். அவர்களும் அதையே சொன்னார்கள். இப்படி பதினொரு வீடுகள்.

பன்னிரண்டாவது, டவுனில் ஒரு சந்துக்குள், ஓட்டு வீட்டின் பின்கட்டு. வாடகை அட்டை எதுவும் தொங்கவில்லை. யாரோ சொல்லித்தான் போனோம். வீட்டு ஆச்சிக்கு எண்பதை ஒட்டிய வயது. முழங்கால் வலி, குனிய முடியாது. அவர் என்னோடு பேசவே இல்லை. நேராக அந்தப் பெண்ணைப் பார்த்து, "ஏளா, உனக்குப் புள்ளிக் கோலம் வருமா?" என்று கேட்டார்.

"இருபத்தொரு புள்ளி வரைக்கும் வரும், ஆச்சி."

"அப்போ வாசல் உன் பொறுப்பு. வாடகை அஞ்சாந்தேதிக்குள்ள வந்திரணும்."

அவ்வளவுதான் பேச்சு. மார்கழி பிறந்தது. விடியற்காலை நாலரை மணிக்கு வாசல் தெளித்து, ஆச்சி வீட்டு வாசலில் சிக்குக் கோலம் எழுந்தது. ஓரத்தில் காவிப் பட்டை, நடுவில் சாணிப் பிள்ளையாரும் பூசணிப் பூவும். மூன்றாம் நாள் யாரோ ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிக் கோலத்தை அழித்திருந்தார்கள். மறுநாள் அதே இடத்தில், அதைவிடப் பெரிய கோலம். அன்று முதல் ஆச்சி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு, போர்வையைப் போர்த்திக்கொண்டு, கோலம் காயும்வரை வாசலில் உட்கார்ந்திருந்தார். பத்தாம் நாள் எதிர்வீட்டுச் சிறுமி நோட்டோடு வந்து புள்ளிக் கணக்கு கேட்டாள். பொங்கலுக்குள் அந்த வரிசையில் ஆறு வீட்டு வாசல்களில் அவர் கைக்கோலம் இருந்தது. பால்காரர் சைக்கிளை விட்டு இறங்கி, கோலத்தின் இழை கலையாமல், சுவரோரமாகத் தள்ளிக்கொண்டு போனதை நான் என் கண்ணால் பார்த்தேன். சிட்னியில் சாக்கட்டி செய்ததை நம் டவுனில் கோலமாவு செய்தது.

நண்பர்களே, அந்தக் கோலம் வாசலுக்கு வந்தது, உள்ளே அவருக்கு ஒரு வீடு கிடைத்ததால்தான். சுவர் இருந்தால்தானே சித்திரம். 1973இல் திறக்கப்பட்ட நம் ஈரடுக்கு மேம்பாலத்தின் தூண்களில் வானவில் எழுத வேண்டும், அதைத் திருநங்கையரும் நம் ஊர் விளம்பரப் பலகை ஓவியர்களும் சேர்ந்து எழுத வேண்டும், அவர்களுக்கு முறையான கூலி தர வேண்டும் என்பதே மாமன்ற உறுப்பினர் சகோதரியிடம் நான் வைக்கும் கோரிக்கை. அதற்கான வண்ணம், செலவு முதலியவற்றை எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன். கூட்டம் முடிந்ததும் தருகிறேன். ஆனால் தூணில் எழுதிய கை மாலையில் எங்கே போய்ச் சோறு பொங்கும் என்று கேட்காமல் அந்த ஓவியத்தைத் திறந்து வைக்கக் கூடாது.

சட்டம் நமக்கு முன்னே போய்விட்டது. திருநங்கை, திருநம்பி முதலிய திருநருக்கு வீடு வாடகைக்குத் தர மறுப்பதை 2019ஆம் ஆண்டின் திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் பாகுபாடு என்று தடை செய்கிறது. அதே ஆண்டு ஏப்ரலில், நம் பக்கத்து ஊரான தூத்துக்குடியில் நடந்த ஓர் ஆணுக்கும் திருநங்கைக்குமான திருமணத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்று உயர்நீதிமன்ற மதுரைக் கிளை ஆணையிட்டது. இவர்களை மரியாதையாக அழைக்கும் தமிழ்ச் சொற்களை 2022இல் தமிழக அரசு அரசிதழிலேயே வெளியிட்டது. வயதுவந்த, தன்பாலீர்ப்புள்ள இருவர் மனமொத்து உறவு கொள்வது குற்றமாகாது என்று 2018 செப்டம்பர் 6ஆம் நாள் உச்சநீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் அந்த இருவர் வீடு கேட்டு வந்தால் மறுக்கக் கூடாது என்று சொல்லும் சட்டம் இல்லை. அங்கே வீட்டுக்காரரின் மனம்தான் சட்டம். அதனால்தான் போகிற கூட்டத்தில் எல்லாம் இந்த வாடகை வீட்டுப் பேச்சையே பேசுகிறேன். சுவர் இருந்தால்தானே சித்திரம் என்று என் தாயார் சொன்னது இந்தச் சுவரைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

வாசலருகே மேசையில் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன்; பேனாவை நூலில் கட்டியிருக்கிறேன். பால்புதுமையினர் யார் வந்தாலும் மற்றவருக்குச் சொல்லும் அதே வாடகைக்கு வீடு தரச் சம்மதிப்பவர்கள் அதில் தெருப்பெயர், வாடகை, முன்பணம், தண்ணீர் வசதி ஆகியவற்றை எழுதலாம். இதுவரை ஏழு பேர் எழுதியிருக்கிறார்கள். முதல் பக்கத்தில் முதல் வரி டவுன் ஆச்சியுடையது. அவருக்குக் கை நடுங்குவதால் எதிர்வீட்டுச் சிறுமி எழுதிக் கொடுத்தாள். போகும்போது அந்த நோட்டைப் பார்த்துவிட்டுப் போகுமாறு கேட்டுக்கொள்கிறேன். வணக்கம்.