பனிக்கு அடியில் விட்டுவந்தது

(கலிஃபோர்னியாவில் ஒரு தமிழ்ச் சங்கத்தின் பொங்கல் கூடுகையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் பொங்கல் வணக்கம்.

"தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்" என்று ஊரில் சொல்வார்கள். நமக்குத் தெரிந்த பனி அதுதான். விடியற்காலையில் புல்நுனியில் நிற்கும், எட்டு மணி வெயிலுக்குக் காணாமல் போகும். ஆளை இடுப்பளவு விழுங்கும் பனியை இங்கே வந்துதான் பார்த்தோம். குளிர்காலத்தில் ஊரிலிருந்து அப்பா அம்மா வந்தால், அவர்களை டாஹோ ஏரிக்கு அழைத்துப் போகாத வீடு இந்த அரங்கில் அதிகம் இருக்காது. என் அம்மா கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு, வெறுங்கையால் பனியை அள்ளிக் கன்னத்தில் வைத்துக்கொண்டார். அந்த முகத்தை நான் மறக்கவே மாட்டேன். அதனால் "போகாதீர்கள்" என்று நான் சொல்லப்போவதில்லை. போங்கள். போன இடத்தில் எதை விட்டுவிட்டு வருகிறோம் என்பதைத்தான் பேச வந்தேன்.

கலிஃபோர்னியா-நெவாடா எல்லையிலுள்ள அந்த ஏரி 6,200 அடிக்கு மேலான உயரத்தில் இருக்கிறது. ஆழம் 1,645 அடி. அத்தனை குளிரிலும் அது உறைவதில்லை. கோடையில் வாங்கி வைத்த சூட்டை அந்த ஆழம் லேசில் விட்டுவிடாது. சுற்றியுள்ள மலைகளிலிருந்து 63 ஓடைகள் அதில் விழுகின்றன. வெளியே போக வழி ஒன்றே ஒன்று, ட்ரக்கி ஆறு. அந்த ஆறும் கடலைப் பார்ப்பதில்லை, நெவாடாவின் பாலைநிலத்தில் பிரமிட் ஏரியோடு முடிந்துவிடுகிறது. டாஹோவுக்குள் வரும் தண்ணீர் வெளியேறச் சராசரியாக 650 ஆண்டு ஆகும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். குமார கம்பணரின் விஜயநகரப் படை மதுரைக்குள் நுழைந்த காலத்தில் அங்கே விழுந்த பனி, இப்போதுதான் வெளியே வந்துகொண்டிருக்கிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

டாஹோ என்ற பெயரே அந்த மண்ணின் பூர்வகுடிகளான வாஷோ மக்களின் 'டா-ஓ' என்ற சொல்லிலிருந்து வந்தது. அவர்களுடைய மொழியில் அதற்கு ஏரி என்றே பொருள். முன்பெல்லாம் கோடையில் மீன்பிடிக்கவும் கூடி மகிழவும் ஏரிக்கரைக்கு ஏறிவருவார்கள். குளிர் வந்ததும் கீழே பள்ளத்தாக்குகளுக்கு இறங்கிவிடுவார்கள். பனிக்காலத்தில் அந்தக் கரையைத் தனியே விட்டுவிடுவது அவர்கள் வழக்கமாக இருந்தது. நாம்தான் அந்த மாதங்களில் கார் கட்டிக்கொண்டு மேலே போகிறோம்.

அந்தக் காட்டைப் பார்த்து "ஆதிகாலத்துக் காடு" என்று பலர் வியக்கிறார்கள். அப்படியில்லை. 1859-இல் பக்கத்து நெவாடாவில் வெள்ளி கிடைத்தது. சுரங்கங்களுக்கு முட்டுக்கொடுக்க டாஹோவின் மரங்களை வெட்டிச் சாய்த்தார்கள், அந்த நூற்றாண்டு முடிவதற்குள் கரையோரக் காட்டில் பெரும்பகுதி போய்விட்டது. இன்று நாம் பார்ப்பது அதற்குப் பிறகு வளர்ந்தது. ஏறத்தாழ ஒரே வயது மரங்கள், நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. அந்த நெருக்கம்தான் இன்றைய ஆபத்து. 2007 ஜூனில் அணைக்காமல் விட்ட ஒரு விறகுத் தீயிலிருந்து அங்கோரா காட்டுத்தீ கிளம்பி 254 வீடுகளைத் தின்றது. 2021-இல் கால்டோர் தீ நெருங்கியபோது தெற்கு டாஹோ ஊரையே காலி செய்தார்கள்.

ஏரியைச் சுற்றியுள்ள நிலத்தில் முக்கால் பங்குக்கும் மேல் தேசிய வனம். மூன்று தேசிய வனங்களின் பகுதிகளைச் சேர்த்து 1973-இல் தனி நிர்வாகமாக அமைத்தார்கள். குளிர்காலத்தில் அங்கே பனிக்கு நடுவே புகை எழுவதைப் பார்த்துப் பதறாதீர்கள். வனத்துறையினர் சிறு மரங்களைக் கழித்து, குவியல் குவியலாக அடுக்கி, காயவிட்டிருப்பார்கள். தரை ஈரமாக இருக்கும் நாள் பார்த்து அதைக் கொளுத்துகிறார்கள். ஒருமுறை ஓரமாக நின்று பார்த்தேன். குவியல் எரிகிறது, அதைச் சுற்றி ஒரு முழ அகலத்துக்கு மட்டும் பனி உருகிக் கறுத்த மண் தெரிகிறது, அதைத் தாண்டி வெள்ளை வெளேரென்று அசைவில்லாத காடு. கோடையில் வரவிருக்கும் தீயின் வாயிலிருந்து ஒரு கவளத்தை இப்போதே எடுத்துவிடும் வேலை அது.

இனி தண்ணீருக்கு வருகிறேன். தட்டு அளவு வெள்ளை வட்டு ஒன்றை ஏரியில் இறக்கி, எந்த ஆழத்தில் கண்ணுக்கு மறைகிறது என்று கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தார் 1968 முதல் அளந்துவருகிறார்கள். முதல் ஆண்டு சராசரி 102 அடி. 1997-இல் 64 அடி. அண்மை ஆண்டுகளிலும் 60, 70 அடியைச் சுற்றியே நிற்கிறது. தெளிவைக் கெடுப்பதில் முதலிடம் கண்ணுக்கே தெரியாத மண்பொடிக்கு, அதில் பெரும்பங்கு நகர்ப்புறத்திலிருந்தும் சாலையிலிருந்தும் போகிறது. வழுக்காமலிருக்கச் சாலையில் தூவும் மணலை நம் டயர்களே மாவாக அரைக்கின்றன. இடமில்லையென்று சாலையோரத்து வெறும் மண்ணில் காரை ஏற்றி நிறுத்துகிறோமே, அந்தச் சேறும் ஓடை வழியாக ஏரிக்குத்தான் போகும். இடமில்லை என்றால் வேறு நாள் போங்கள். இதை நான் கெஞ்சிக் கேட்கிறேன்.

குளிர்காலத்தில் முகாம்களின் கேட்டைப் பூட்டியிருப்பார்கள். கழிப்பறை பல இடங்களில் திறந்திருக்காது, குப்பை எடுக்க ஆள் வராது. கொண்டுபோன புளியோதரை டப்பா, குழந்தையின் டயப்பர், ஆரஞ்சுத் தோல், எல்லாம் உங்கள் காரிலேயே திரும்பி வரவேண்டும். சாப்பாட்டை வண்டிக்குள் விட்டுவிட்டு ஏரியைப் பார்க்கப் போகாதீர்கள். மனிதச் சாப்பாட்டின் ருசி கண்ட கரடிகளில் சில அங்கே குளிர்காலத்திலும் தூங்குவதில்லை. கார்க் கதவைத் திறக்கக் கற்றுக்கொண்ட கரடியைக் கடைசியில் கொல்லவேண்டி வருகிறது. குற்றம் கரடியுடையதில்லை.

என் வீட்டிலேயே நடந்ததைச் சொல்கிறேன். ஆறு வருடத்துக்கு முன் வழியில் ஒரு கடையில் மகளுக்கு நீல நிறப் பிளாஸ்டிக் சறுக்குப்பலகை வாங்கினோம். மூன்றாவது சறுக்கில் பாறையில் மோதிப் பல துண்டாக உடைந்தது. குழந்தைக்கு அடி படவில்லை என்ற நிம்மதியில் பெரிய துண்டுகளை மட்டும் எடுத்தோம். மற்றவை புதுப் பனியில் புதைந்துவிட்டன. இருட்டிக்கொண்டு வந்தது, கிளம்பிவிட்டோம். மனம் உறுத்திக்கொண்டே இருந்தது. ஜூன் மாதம் அதே சரிவுக்குப் போனேன். பனி முழுக்க உருகியிருந்தது. வெயில் பட்ட ஜெஃப்ரி பைன் மரப்பட்டையில் மூக்கை வைத்தால் வெண்ணிலா வாசனை வரும், அதை முகர்ந்தபடியே இறங்கினேன். சரிவு முழுக்கச் சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம். எத்தனையோ வீட்டுக் குழந்தைகளின் பலகைகள். கீழே சின்ன ஓடை, அது போய்ச் சேருவது ஏரியில். 2023-இல் வெளிவந்த ஆய்வொன்று உலகின் 38 ஏரிகளையும் நீர்த்தேக்கங்களையும் பார்த்தது. பிளாஸ்டிக் பொடி மிக அதிகமாக இருந்தவற்றில் டாஹோவும் ஒன்று.

அன்று ஒரு பை நிறையப் பொறுக்கினேன். எங்கள் பலகையின் துண்டு ஒன்றே ஒன்றுதான் கிடைத்தது, ஓடைக்குப் பத்தடி மேலே. கொண்டுவந்திருக்கிறேன், இந்த மேசையில் இருக்கிறது. சாப்பிடப் போகும் வழியில் கையில் எடுத்துப் பாருங்கள். ஓரத்தை விரலால் லேசாகத் தேயுங்கள், நீலப் பொடி ஒட்டும்.