பிரெயின் ட்ரெயினிங் கிளாஸ் போனா பையனுக்கு கவனம் கூடுமா? குன்னூர் அம்மாவோட கேள்விக்கு விளக்கம்

வணக்கம்ங்க. குன்னூர்ல இருந்து ஒரு அம்மா கேட்டிருக்காங்க, அத முதல்ல படிச்சிடறேன். பையன் மூணாவது படிக்கிறான், ஒரு இடத்துல கவனம் நிக்கமாட்டேங்குது, பக்கத்துல ஒரு சென்டர்ல மூளைப் பயிற்சினு மூணு மாச கோர்ஸ், ஃபீஸ் பன்னெண்டாயிரம், சேரும்போது ஒரு டெஸ்ட் முடியும்போது ஒரு டெஸ்ட் வெப்பாங்களாம், போன பேட்ச் பிள்ளைங்களுக்கு மார்க் ஏறியிருக்குனு சார்ட் காட்டினாங்க, நம்பி சேக்கலாமா டீச்சர்னு கேக்கறாங்க.

மார்க் ஏறினது உண்மையாத்தான் இருக்கும்ங்க. ஆனா அது அந்தப் பயிற்சியாலதான் ஏறுச்சானு அந்த சார்ட்ட வெச்சு யாராலயும் சொல்ல முடியாது. ஏன்னா பாருங்க, ஜூன்ல ஸ்கூல் திறந்த புதுசு, வெளிய மழை, பிள்ளை நடுங்கிட்டு தெரியாத ரூம்ல தெரியாத மிஸ் முன்னாடி உக்காந்து முதல் டெஸ்ட் எழுதுது. செப்டம்பர்ல அதே ரூம், அதே மிஸ், அதே மாதிரி கேள்வி, பயம் போயிருச்சு, மூணு மாசம் வயசும் கூடிருச்சு, நடுவுல ஸ்கூல்லயும் பாடம் நடந்துட்டுத்தான் இருக்கு, அரசுப் பள்ளின்னா 2022ல இருந்து சின்ன வகுப்புக்கெல்லாம் எண்ணும் எழுத்தும் திட்டமே ஓடுது. இதுல எதுக்கு எவ்வளவு பங்குனு எப்படி பிரிப்பீங்க?

டெஸ்ட் எப்படி இருக்கும்னும் சொல்றேன். பெரும்பாலும் நாங்க 3, 8, 1, 6னு மெதுவா சொல்லுவோம், பிள்ளை அத பின்னாடியிருந்து 6, 1, 8, 3னு சொல்லணும். முதல் நாள் பாத்தா உதடு முணுமுணுக்கும், கண்ணு மேல கூரைக்கு போயிரும், நாலு நம்பருக்கே திணறும். தினமும் பழகினா பிள்ளையே ஒரு வழி கண்டுபிடிச்சுக்கும், முப்பத்தெட்டு பதினாறுனு ரெண்டு ரெண்டா சேத்து வெச்சுக்கும், அப்புறம் ஆறு நம்பர் கூட சொல்லிரும். மார்க் ஏறிருச்சு, அம்மாவுக்கும் சந்தோஷம். ஆனா வகுப்புல டீச்சர் "சயின்ஸ் நோட்ட எடு, 24ஆம் பக்கம் திருப்பு, மூணாவது கேள்விக்கு மட்டும் பதில் எழுது"னு சொன்னா அதே பிள்ளை நோட்ட எடுத்து வெச்சுட்டு பக்கத்துல இருக்கறவன பாக்குது. அப்ப வளந்தது நம்பர் சொல்ற சாமர்த்தியம்ங்க. நமக்கு வேணும்ங்கறது இந்த மூணு வேலையையும் மறக்காம செய்யறது. அதனால பழக்காத ஒண்ண வெச்சுத்தான் சோதிக்கணும், இதுல நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன்.

நம்ம ஊர்ல தேயிலை வெச்சிருக்கவங்கள கேட்டுப் பாருங்க. புது உரம் போட்டு கொழுந்து நல்லா வந்துச்சுன்னா உடனே உரத்த பாராட்டமாட்டாங்க, நடுவுல மழை பெஞ்சுதேனு கேப்பாங்க. அதே தோட்டத்துல பாதிக்கு போட்டு பாதிய விட்டு, ரெண்டு பக்கமும் பறிச்ச இலைய எடை போட்டாத்தான் உரம் என்ன செஞ்சுதுனு தெரியும். பிள்ளைங்களுக்கும் அதேதான். யாருக்கு பயிற்சி யாருக்கு இல்லைனு சீட்டு குலுக்கிப் போட்டுத்தான் பிரிக்கணும், விருப்பப்பட்டு வர்றவங்கள ஒரு பக்கம் வெச்சா தப்பாயிரும், ஏன்னா பன்னெண்டாயிரம் கட்டுற வீட்ல ஏற்கனவே சாயங்காலம் பக்கத்துல உக்காந்து படிக்க வெச்சுட்டு இருப்பாங்க. இன்னொரு பக்கத்து பிள்ளைங்களையும் சும்மா விடக்கூடாது, அதே அளவு நேரம் வேற ஏதாவது சொல்லித்தரணும், இல்லைனா கிடைச்ச அக்கறையாலயே மார்க் ஏறும். டெஸ்ட் வைக்கறவங்களுக்கு எந்தப் பிள்ளை எந்தப் பக்கம்னு தெரியவும் கூடாது.

இப்படி நம்ம நாட்டுலயே ஒண்ணு செஞ்சிருக்காங்க, எனக்கு ரொம்ப பிடிச்ச ஆய்வு. குஜராத்ல வதோதரால 204 பிள்ளைங்க, மூணு வருஷம், டேவிட் பார்னர், மைக்கேல் ஃபிராங்க்னு அமெரிக்க ஆய்வாளர்களோட குழு, 2016ல வெளியாச்சு. பாதி பேருக்கு அபாகஸ், அதாவது மணிச்சட்டத்த மனசுக்குள்ள வெச்சு விரல காத்துல அசைச்சு கணக்கு போடுறது, மீதி பேருக்கு சாதாரண கணக்கே கூடுதலா. அபாகஸ் பிள்ளைங்க கூட்டல் கழித்தல் மாதிரி கணக்குல ஓரளவு முன்னாடி வந்தாங்க, நிஜமான பலன்தான். ஆனா ஞாபகத் திறன் மாதிரி பொதுவான மூளைத் திறன் ரெண்டு பக்கமும் ஒண்ணாத்தான் இருந்துச்சு. அபாகஸ் சேத்தா கணக்கு வரும்னு சேருங்க, கவனம் வரும்னு சேக்காதீங்க.

ஆஸ்திரேலியாவுல மெல்போர்ன்லயும் ஞாபகத் திறன் கம்மியா இருந்த 452 ஒண்ணாம் வகுப்பு பிள்ளைங்கள இதே மாதிரி பிரிச்சு, பாதி பேருக்கு கம்ப்யூட்டர்ல பயிற்சி கொடுத்தாங்க. ஆரம்பத்துல சில ஞாபக டெஸ்ட்ல மார்க் ஏறுச்சு, 2 வருஷம் கழிச்சு பாத்தா வாசிக்கறதுலயோ ஸ்பெல்லிங்லயோ கணக்குலயோ ஒரு லாபமும் இல்ல. எல்லாமே வீண்னும் சொல்லிட முடியாதுங்க, ஸ்வீடன்ல 6 முதல் 8 வயசு பிள்ளைங்க 17,000 பேருக்கு 7 வாரம் கணக்கோட சேத்து மூளைப் பயிற்சியும் கொடுத்து பாத்ததுல, எது எந்த இடத்துல இருந்துச்சுனு ஞாபகம் வெச்சுக்கற பயிற்சியோ வடிவங்கள வெச்சு யோசிக்கற பயிற்சியோ கூடுதலா செஞ்சவங்க, வடிவத்த மனசுல திருப்பிப் பாக்கற பயிற்சி செஞ்சவங்களவிட கணக்குல கொஞ்சம் அதிகமா முன்னேறினாங்க, 2021ல வந்துச்சு. ஆனா அந்த பலன் சின்னது, அத கண்டுபிடிக்கவே அவ்வளவு பிள்ளைங்க தேவைப்பட்டுச்சு. உங்க சென்டர் இருபது பேருக்கு ஒரு சார்ட் போட்டு காட்டுது.

அதனால ம்மா, அங்க போய் கேளுங்க, பயிற்சி எடுக்காத பிள்ளைங்க மார்க் எங்கனு, கோர்ஸ் முடிஞ்சு ஆறு மாசம் கழிச்சு ஸ்கூல் வேலைல என்ன மாறுச்சுனு. பதில் இல்லைனா பணத்த கையில வெச்சுக்கோங்க. அதுக்கும் முன்னாடி பையனுக்கு கண்ணும் காதும் ஒரு தடவ செக் பண்ணிடுங்க, போர்டு சரியா தெரியாத பிள்ளையும் கவனம் இல்லாத பிள்ளை மாதிரிதான் தெரியும். ராத்திரி எத்தனை மணிக்கு தூங்கறான்னும் எழுதி அனுப்புங்க, அடுத்த வாரம் பாக்கலாம்.