புரவி எடுப்பும் சமாதானக் கூட்டமும்: கையெழுத்துப் போட்ட பிறகும் தகராறு ஏன்?

அடுத்த கேள்வி. தேவகோட்டைக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு தம்பி அனுப்பியிருக்கிறார். ஊர்ப் பெயரை நான் வாசிக்கப் போவதில்லை, அவருக்குச் சங்கடம் வரக் கூடாது. தெரியாதவர்களுக்கு: புரவி எடுப்பு என்றால் அய்யனாருக்கு மண்குதிரைகளைச் செய்து ஊர்வலமாகத் தூக்கிப் போகிற திருவிழா.

"அம்மா, எங்கள் ஊர்ப் புரவி எடுப்பில் இரண்டு தெருவுக்கும் தகராறு. புரவி எங்கள் தெரு வழியாக வராது, எங்கள் ஆட்களைத் தூக்கவும் விடமாட்டார்கள். முந்தின வருஷம் அடிதடியாகி, அதிகாரிகள் சமாதானக் கூட்டம் போட்டார்கள். இரண்டு பக்கமும் கையெழுத்துப் போட்டோம். போன வருஷம் மறுபடி மண்டை உடைந்தது. பேச்சுவார்த்தை என்பதே ஏமாற்று வேலைதானா?" இதுதான் கேள்வி.

தம்பி, உங்கள் கோபம் நியாயமானது. ஏமாற்று வேலையா என்றால், சில இடங்களில் ஆமாம். அதை மறைக்க மாட்டேன். ஆனால் உங்கள் ஊரில் நடந்ததைப் பேச்சுவார்த்தை என்று சொல்லலாமா என்பதிலேயே எனக்குச் சந்தேகம் இருக்கிறது.

அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டது யார்? அந்தப் பக்கம் ஊர்த் தலைவரான அம்பலமும் நாலு பெரியவர்களும், உங்கள் பக்கம் நாலைந்து பேர், எல்லோரும் ஐம்பதைத் தாண்டிய ஆண்கள். அப்படித்தானே இருக்கும்? போன வருஷம் கல்லெறிந்தது யார்? இருபது வயதுப் பையன்கள். அவர்களை உட்கார வைத்து, இதைத்தான் ஒப்புக்கொண்டு வந்திருக்கிறோம் என்று யாராவது விளக்கினார்களா?

நானே அப்படி ஒரு கூட்டத்துக்குப் போயிருக்கிறேன். பதினொரு மணிக்கு ஆரம்பித்து மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் முடித்துவிட்டார்கள். நாங்கள் போவதற்கு முன்பே தட்டச்சு செய்து வைத்திருந்தார்கள்: 'இரு தரப்பினரும் அமைதி காக்க ஒப்புக்கொள்கிறோம்.' அவ்வளவுதான். எந்தத் தெரு, எந்த நேரம், யார் தூக்குவது, மீறினால் யாரிடம் போவது என்று ஒரு வரி கிடையாது. அடி வாங்கின குடும்பத்துப் பெண்கள் வெளியே வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்தார்கள். உள்ளே கூப்பிட வேண்டும் என்று எனக்கும் அன்றைக்குத் தோன்றவில்லை. அந்த வருத்தம் இன்றும் இருக்கிறது.

உங்களுடையது போலவே ஊர்வலப் பாதைச் சண்டையில் வெந்த ஒரு நாட்டைப் பற்றிச் சொல்கிறேன். வடக்கு அயர்லாந்து. முப்பது வருஷத்தில் 3,500 பேருக்கு மேல் செத்துப்போன இடம். புராட்டஸ்டன்ட் அமைப்புகள் பழைய வெற்றிகளை நினைத்து ஊர்வலம் போவார்கள். அது கத்தோலிக்கர்கள் வாழும் தெரு வழியாகப் போகும்போது கலவரம். 1995-லிருந்து 1998 வரை போர்ட்டடவுன் என்ற ஊரில் ஒரே ஒரு சாலைக்காக ஒவ்வொரு ஜூலையும் நாடே பதறியது. ஒரு பக்கம் "இது எங்கள் பாட்டன் போன பாதை" என்றது, மறுபக்கம் "எங்கள் வாசலில் எங்களை அவமானப்படுத்தாதே" என்றது. நம் ஊர்ப் பேச்சு மாதிரியே இருக்கிறதா?

அதே காலத்தில் டெர்ரி என்ற நகரத்தில் வேறு மாதிரி போனது. அந்த ஊர் வியாபாரிகள் சிலர் நடுவில் நின்று ஊர்வலக்காரர்களையும் குடியிருப்பாளர்களையும் பேச வைத்தார்கள். அதில் ஒருவர் பிரெண்டன் டடி. மீனும் உருளைக்கிழங்கும் பொரித்து விற்ற கடைக்காரர். பிரிட்டிஷ் அரசுக்கும் ஐஆர்ஏ என்ற ஆயுத இயக்கத்துக்கும் நடுவில் இருபது வருஷம்போல ரகசியமாகத் தகவல் கொண்டுபோனவரும் இவர்தான். பக்கத்து வீட்டுக்கே தெரியாது. 1998 ஏப்ரலில் கையெழுத்தான அமைதி ஒப்பந்தத்தைப் படமெடுத்தார்கள், பாராட்டினார்கள். அதற்கு முன்னால் இப்படிப்பட்டவர்கள் நடந்த நடையை யாரும் படமெடுக்கவில்லை.

அந்தக் கையெழுத்துக்கு அப்புறமும் பாருங்கள். நாலே மாதத்தில் ஓமா என்ற ஊரில் குண்டு வெடித்து 29 பேர் இறந்தார்கள். ஒப்பந்தம் உடையவில்லை. ஐஆர்ஏ ஆயுதங்களை முழுதாகக் கைவிட 2005 ஆனது. பரம விரோதிகளாக இருந்த இரண்டு கட்சிகள் ஒரே அரசில் உட்கார 2007 ஆனது. ஒன்பது வருஷம், தம்பி. நாம் ஒரு மதியத்தில் முடிக்கப் பார்க்கிறோம்.

இலங்கையில் 2002 பிப்ரவரியில் போர்நிறுத்தம் வந்தபோது நம் பக்கத்தில் எத்தனை வீட்டில் சந்தோஷப்பட்டோம்! நார்வே நடுவில் நின்றது, ஆறு சுற்றுப் பேசினார்கள். மீறல்களைக் குறித்துக்கொள்ளக் கண்காணிப்புக் குழுவும் இருந்தது. ஆனால் மீறலைத் தடுக்கிற அதிகாரம் அதனிடம் இல்லை. கிழக்கில் வாழ்ந்த முஸ்லிம்கள் பேச்சுவார்த்தை மேசையில் தங்களுக்குத் தனி இடம் வேண்டும் என்று கேட்டார்கள், கிடைக்கவில்லை. 2003 ஏப்ரலில் புலிகள் பேச்சிலிருந்து விலகினார்கள், 2008 ஜனவரியில் அரசு ஒப்பந்தத்தையே முடித்துக்கொண்டது. 2009 மே மாதத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. மண்டபம் முகாமுக்கு வந்து இறங்கியவர்களின் முகத்தை நம்மில் பலர் நேரில் பார்த்திருக்கிறோம்.

சரி, அப்படியானால் யார்தான் காவல் காப்பது? கென்யாவில் வஜீர் என்ற வறண்ட பகுதி இருக்கிறது. சோமாலி இனக்குழுக்களுக்குள் 1990-களின் தொடக்கத்தில் கொலையாகக் கிடந்தது. சந்தையில்கூட ஒரு குலத்துப் பெண் இன்னொரு குலத்துப் பெண்ணிடம் வாங்க மாட்டாள். டெகா இப்ராஹிம் அப்தியும் இன்னும் சில பெண்களும் சேர்ந்து பிடித்தது அந்தச் சந்தையைத்தான். யாரும் யாரிடமும் வாங்கலாம், விற்கலாம். தகராறு வந்தால் உடனே போய்ப் பார்க்கப் பெண்களே ஒரு குழு. அதற்கு அப்புறம்தான் பெரியவர்களிடமும் இளைஞர்களிடமும் அதிகாரிகளிடமும் போனார்கள். 1995-ல் அது மாவட்டம் முழுவதற்குமான அமைதிக் குழுவாக நின்றது. மிளகாய் வாங்குகிற இடத்திலிருந்து ஆரம்பித்தவர்கள்! எனக்கு இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் நம் சந்தைப்பேட்டைதான் ஞாபகத்துக்கு வரும்.

இன்னொன்றையும் கண்டிப்பாகச் சொல்லியாக வேண்டும். பேச்சுவார்த்தை என்றவுடன் 'இரண்டு பக்கமும் கொஞ்சம் விட்டுக்கொடுங்கள்' என்பார்கள். எதை விட்டுக்கொடுப்பது? தேவகோட்டைக்குப் பக்கத்துக் கண்டதேவிக் கோயில் தேரில் வடம் பிடிப்பதில் பட்டியல் சமூகத்தாருக்கு உள்ள உரிமை 1998-ல் பெரிய பிரச்சினையாக வெடித்தது. இடையில் தேர் ஓடியது, நின்றது, நீதிமன்றம் வரை போனது. 2024 ஜூனில் பலத்த போலீஸ் பாதுகாப்போடு ஓடியது. கும்பிட உரிமை உண்டா இல்லையா என்பது பேரம் பேசுகிற விஷயமே கிடையாது. தீண்டாமையை அரசியல் சட்டத்தின் 17-வது பிரிவு என்றைக்கோ ஒழித்துவிட்டது. புரவியைத் தூக்க உங்களுக்கு உரிமை உண்டு என்பதை வைத்துக்கொண்டு, எப்படி, எந்த வரிசையில், யார் பொறுப்பில் என்பதைத்தான் பேச வேண்டும். அந்த உரிமையையே பேச்சுக்கு வைக்கிற கூட்டத்தில் நீங்கள் கையெழுத்துப் போடாதீர்கள். நடுவில் நிற்கிறவர் பட்சபாதம் இல்லாதவராக இருக்கலாம், நியாயம் இல்லாதவராக இருக்கக் கூடாது.

நடுவில் நிற்க ஆள் எங்கே என்று கேட்பீர்கள். நம் மண்ணிலேயே முன்மாதிரி இருக்கிறது. 1982-ல் மண்டைக்காட்டில் இந்துக்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் கலவரம் வந்தபோது, இங்கிருந்து குன்றக்குடி அடிகளார் அங்கே போய் இரண்டு பக்கத்து மக்களையும் சந்தித்து அமைதிப் பணி செய்தார். ஒரு சைவ மடாதிபதி மடத்திலிருந்தே ஓர் அறிக்கை விட்டிருக்கலாம். அவர் கிளம்பிப் போனார்.

உங்கள் ஊருக்கு வருகிறேன். மண்பாண்டம் செய்கிற வேளாரிடம், புரவி செய்யச் சொல்லிப் பிடிமண் கொடுப்பதற்கு முன்பே இதை ஆரம்பிக்க வேண்டும். புரவி சூளையில் வெந்த பிறகு பேச ஆரம்பித்தால் நேரம் இருக்காது. முதலில் இரண்டு தெருவும் நம்புகிற ஓர் ஆளைத் தேடுங்கள். பள்ளிக்கூட ஆசிரியையாக இருக்கலாம், மருந்துக்கடைக்காரராக இருக்கலாம், வேளாராகவே இருக்கலாம், அவர் இரண்டு பக்கத்துக்கும் புரவி செய்கிறவர்தானே. அவர் தனித்தனியாகப் போய்க் கேட்கட்டும். அந்தப் பக்கத்துப் பெரியவர்கள் உண்மையில் எதற்குப் பயப்படுகிறார்கள் என்று தெரிந்துகொண்டு வரட்டும். அப்புறம்தான் ஒன்றாக உட்காருவது. உட்காரும்போது மண்டை உடைந்த பையனின் அம்மா உள்ளே இருக்க வேண்டும், அந்தத் தெரு அம்மாக்களும் இருக்க வேண்டும். பையன்களில் இரண்டிரண்டு பேரையாவது சேருங்கள். திருவிழா ராத்திரி கைபேசியோடு முச்சந்தியில் யார் யார் நிற்பது என்று பெயர் எழுதுங்கள். அதிகாரிகள் கையெழுத்துக்குக் கடைசியில் வரட்டும்.

பிடிமண் எந்த மாதம் கொடுப்பீர்கள் என்று எழுதுங்கள் தம்பி. கூப்பிட்டால் நான் வருகிறேன். இந்தத் தடவை வேப்பமரத்தடியில் நிற்கிறவர்களிடம் முதலில் பேசுவேன்.